ஒதுக்கின ஈரல்

‘ஒதுக்கினது’ என்ற சொல்லைச் சற்று யோசித்துப் பாருங்கள். உங்களுக்கென்று தனியே எடுத்து வைத்தாலும் ஒதுக்கினதுதான். வேண்டாம் என்று ஓரம் தள்ளினாலும் ஒதுக்கினதுதான். இந்த ஒரு சொல்லால் ஒரு வீடு காலையில் துள்ளிக் குதித்தது. மதியத்துக்குள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டது.

அந்த வீட்டுக்காரிக்கு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் வேலை. தைத்து வரும் சட்டைகளை விளக்குக்கு அடியில் விரித்து, தையல் விட்டிருக்கிறதா, காலர் கோணலா, பொத்தான் ஆடுகிறதா என்று பார்ப்பாள். சரியில்லாததைத் தனிப் பெட்டியில் போடுவாள். அவள் கண்ணுக்கு ஒரு நூல் தப்பாது. குத்தம் கண்டுபிடிக்கிற அக்கா, குத்தம் கண்டுபிடிக்கிற அக்கா என்று சொல்லிச் சொல்லி, தையல் மெஷினில் உட்காரும் பெண்கள் அதைச் சுருக்கி ‘குத்தக்கா’ ஆக்கிவிட்டார்கள். பெயர் தெருவரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவள் கணவர் மட்டும் அவள் எதிரில் அப்படிக் கூப்பிடமாட்டார். பயம்தான், வேறென்ன.

குத்தக்காவுக்கு ஈரல் கெட்டுப்போய்க் கொஞ்ச காலமாகிவிட்டது. வயிற்றில் நீர் கோத்தது, கால் வீங்கியது, அரிப்பில் தூக்கம் போனது. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது வேறொன்று. ஈரல் வேலை செய்யாவிட்டால் உடம்பின் கழிவு ரத்தத்திலேயே தங்கி மூளையை மந்தமாக்கிவிடும். ஒரு நாள் அவள் ‘சரி’ என்று முத்திரை போட்டு அனுப்பிய சட்டையில் இரண்டு பக்கமும் இடக் கையே தைத்திருந்தது. மேற்பார்வையாளர் திட்டவில்லை. மடித்து ஓரமாக வைத்துவிட்டு, “நீங்க போய் ரெஸ்ட் எடுங்கக்கா,” என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அதன் பிறகு வேலைக்குப் போகவில்லை.

இறந்துபோனவர்களின் குடும்பம் தானமாகக் கொடுக்கும் ஈரலுக்காக ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருந்தாள். மாற்று ஈரல் கிடைக்காவிட்டால் இந்த வருஷத்தைத் தாண்டுவது கஷ்டம் என்று அறுவை டாக்டர் கணவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். வெளியே வந்த கணவர் பேருந்து நேரத்தைப் பற்றி ஏதோ பேசினார். முகத்தில் கோணல் தையல் இருந்தால் குத்தக்காவுக்குத் தெரியாதா?

அன்று காலை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த போனை எடுத்தவள் நாத்தனார், கணவரின் தங்கை. அண்ணி படுத்ததிலிருந்து இங்கேயேதான் இருக்கிறாள். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம்.

“ஒதுக்கின ஈரல் ஒண்ணு இருக்குங்க. அவங்களுக்குப் பொருந்தும்னு தோணுது. கூட்டிட்டு வாங்க, நேர்ல பேசலாம்,” என்றது ஒரு பெண் குரல்.

நாத்தனாருக்கு முதல் சொல்லே போதுமானதாக இருந்தது.

“அண்ணி! ஒதுக்கிட்டாங்க! உங்களுக்குன்னே ஒதுக்கிட்டாங்க!”

“எதைடி?”

“ஈரலைத்தான்! பின்ன, வீட்டுமனையா ஒதுக்குவாங்க?”

குத்தக்கா புடவை மாற்றி முடிப்பதற்குள் செய்தி மாடி வீடுகள் எல்லாவற்றுக்கும் போய்விட்டது. அண்ணன் வேனைத் திருப்பிக்கொண்டு வருவதற்குள் நாத்தனார் சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் போன் செய்து முடித்திருந்தாள். பள்ளிக்கூட வேனில், குட்டிக் குட்டி இருக்கைகளில் முட்டி இடிக்க உட்கார்ந்து மூவரும் போனார்கள். வழியெல்லாம் நாத்தனார் அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள்.

“இப்ப எதுக்குடி அழறே?”

“இல்லண்ணி. நமக்குக் கிடைக்குதுன்னா இன்னொரு வீட்ல யாரோ போயிட்டாங்கல்ல? அவங்க வீட்ல இந்நேரம் எப்படி இருக்கும்னு நெனச்சேன்.”

குத்தக்கா நாத்தனாரின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் போன் செய்த பெண்ணே காத்திருந்தாள். தானம் கொடுக்கும் குடும்பத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே பேசுவதுதான் அவள் வேலை. சின்ன அறை, வட்ட மேசை, ஒரு பெட்டி டிஷ்யூ பேப்பர். அந்தப் பெட்டியைப் பார்த்தாலே அங்கே என்ன பேச்சு நடக்கும் என்று தெரிந்துவிடும்.

“முதல்ல ஒண்ணு தெளிவாச் சொல்லிடறேங்க்கா. இது வழக்கமா உங்க முறைக்கு வர்ற ஈரல் இல்லை. மத்த ஆஸ்பத்திரியெல்லாம் பார்த்துட்டு ஒதுக்கினது.”

“எங்களுக்கு ஒதுக்கினதுதானே?” என்றாள் நாத்தனார்.

“இல்லைங்க. வேண்டாம்னு ஒதுக்கினது.”

கணவர் மெதுவாகத் தங்கை பக்கம் திரும்பினார்.

“ஊர் பூரா போன் போட்டியே...”

“எனக்கென்ன தெரியும்? ஒதுக்கினதுன்னுதான் சொன்னாங்க. ஒதுக்கினதுன்னா ஒதுக்கினதுதானே!”

போன் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள். “தப்பு என்னோடதுதாங்க. நாங்க இங்க பேசிப் பேசி அப்படியே வந்துடுச்சு. வீட்ல கேக்கறவங்க காதுல எப்படி விழும்னு யோசிக்கவே இல்லை.”

குத்தக்கா மேசையின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்:

“எதனால ஒதுக்கினாங்க?”

“கொழுப்பு ஜாஸ்திங்க.”

“அப்ப எங்க அண்ணிக்குச் சரியாப் பொருந்தும்!” நாத்தனாரின் வாய் அவளைக் கேட்காமலே பேசிவிட்டது. பேசிவிட்டுப் பொத்திக்கொண்டாள். முதலில் சிரித்தது குத்தக்காதான். வயிற்று நீர் குலுங்க, வலிக்க வலிக்கச் சிரித்தாள்.

போன் பெண் விவரம் சொன்னாள். இறந்தவரின் குடும்பம் எல்லாவற்றையும் கொடுக்கச் சம்மதித்தது. சிறுநீரகங்களும் கண்களும் போகவேண்டிய இடத்துக்குப் போய்விட்டன. ஈரலை மட்டும் எந்த அறுவை டாக்டரும் எடுத்துக்கொள்ளவில்லை. கொழுப்பு படிந்த ஈரல் ஐஸில் இருந்தால் சீக்கிரம் நைந்துவிடும், உள்ளே வைத்த பிறகு எழுந்திருக்காமல் போய்விடலாம் என்ற பயம். இப்படி ஒதுக்கியவற்றைத்தான் இந்த ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிக்கூடம் கேட்டு வாங்குகிறது. ஐஸிலிருந்து எடுத்து, ஒரு இயந்திரத்தில் வைத்து, உடம்புச் சூட்டில் ரத்தம் ஓடவிட்டு, வேலை செய்கிறதா என்று பார்க்கிறார்கள். வெகுநாள் பார்த்ததோடு சரி. பிறகு நறுக்கி, நுண்ணோக்கியில் வைத்துப் படித்துவிட்டு முடித்துவிடுவார்கள். இப்போதுதான் அடுத்த படி வந்திருக்கிறது. இயந்திரத்தில் நன்றாக வேலை செய்தால், சம்மதிக்கிற நோயாளிக்கு வைத்துப் பார்க்கலாம் என்று அனுமதி கிடைத்திருக்கிறது.

“அந்த வீட்ல இதைச் சொன்னீங்களா?” என்று கேட்டாள் குத்தக்கா.

“சொன்னோங்க. யாருமே எடுத்துக்கலைன்னு சொல்லத்தான் கஷ்டமா இருந்துச்சு. அவரோட பொண்ணுதான், ‘படிக்கறதுக்காவது வெச்சுக்கோங்க, சரியா வந்துச்சுன்னா யாருக்காவது குடுங்க’ன்னு சொல்லிட்டாங்க.”

“எனக்கு வேண்டாம்னா?”

“உங்க இடம் அப்படியே இருக்கும். ஒரு படிகூடப் பின்னால போகாது. வேற ஈரல் வர்றப்ப கூப்பிடுவோம்.”

“எப்ப வரும்?”

“அதைச் சொல்ல முடியாதுங்க்கா.”

குத்தக்கா நாற்காலியில் சாய்ந்தாள். “நான் கழிச்சுப் போட்ட செகண்ட்ஸ் வாங்கறதில்லைம்மா.”

“நான் போட்டிருக்கறதே செகண்ட்ஸ்தான்,” என்றார் கணவர். நடைபாதைக் கடையில் குவியலிலிருந்து பொறுக்குவது அவர் பழக்கம். “கிழிஞ்சா போச்சு?”

“இடுப்புக்கிட்ட பாருங்க, கோடு கோடோட சேரலை. நீங்க நடக்கறப்ப எல்லாம் என் கண்ணை உறுத்துது.”

“உறுத்தட்டும். என்னை இத்தனை வருஷம் வெச்சுக் குடும்பம் பண்ணலையா நீ? நானும் பாஸான பீஸ் இல்லையே.” குரல் சிரிப்பில் ஆரம்பித்து வேறெங்கோ போய் முடிந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போன் பெண்ணிடம், “நான் அதைப் பார்க்கணும்,” என்றாள்.

“எதைக்கா?”

“ஈரலை. பார்க்காம பாஸும் போட மாட்டேன், ரிஜெக்டும் பண்ண மாட்டேன்.”

போன் பெண் முழித்தாள். இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. எழுந்து போய் ஆராய்ச்சி டாக்டரிடம் கேட்டுவிட்டு வந்தாள். டாக்டரம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம், யாருடையது என்று மட்டும் கேட்கக்கூடாது என்றாராம்.

சக்கர நாற்காலியில் நீள வராந்தா வழியாகப் போனார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தது நீங்கள் நினைக்கிற மாதிரி பயங்கரமான அறை இல்லை. சுத்தமான சமையலறை போல இருந்தது. எஃகு மேசைகள், கைகழுவும் தொட்டி, சுவரில் ஒரு கடிகாரம். நடுவில் தள்ளுவண்டி மாதிரி ஓர் இயந்திரம். அதன்மேல் மூடி போட்ட கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள் ஈரல்.

குத்தக்கா கண்ணாடியில் நெற்றி முட்டப் பார்த்தாள். கறிக்கடையில் பார்த்த எந்த ஈரலும் இந்த அளவு இல்லை. அகலமாக, மழுமழுவென்று, தூங்குகிற பூனை போலக் கிடந்தது. குழாய்களில் ரத்தம் போவதும் வருவதும் தெரிந்தது. பம்ப்பின் துடிப்புக்கு ஏற்ப அதன் ஓரம் துளியூண்டு அசைந்தது. பெரும்பகுதி செம்பழுப்பு. ஒரு மூலையில் மட்டும் வெளிறிய திட்டு.

“அந்த மூலையில கறை மாதிரி இருக்கே?” என்றாள், வணக்கம்கூடச் சொல்லாமல்.

ஆராய்ச்சி டாக்டர் வெளியே வந்திருந்தார். தலையில் நீலத் தொப்பி, மூக்கில் சரிந்து சரிந்து இறங்கும் கண்ணாடி. “ஐஸ்லேர்ந்து எடுத்தப்ப பூராவும் அந்த நிறம்தான். ரத்தம் ஓட ஓட மாறிட்டு வருது. அந்த மூலைக்கு இன்னும் சரியாப் போய்ச் சேரலை.”

“சேருமா?”

“சேரலாம். பார்த்துட்டே இருக்கேன்.”

“முன்னால பார்த்தவங்க வேண்டாம்னாங்களே. அவங்க தப்பாப் பார்த்துட்டாங்களா?”

“இல்லம்மா. ஐஸ்ல கிடக்கறப்ப காட்டியிருந்தா நானும் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். தூங்கறவன் முகத்தைப் பார்த்து இவன் நல்லாப் பாடுவானான்னு சொல்ல முடியுமா? எழுப்பித்தான் கேக்கணும். எழுப்பறதுக்குத்தான் இந்த மெஷின்.”

“எழுந்துக்கிச்சுன்னு எப்படித் தெரியும்?”

டாக்டர் பெட்டியிலிருந்து வெளியே வரும் ஒரு மெல்லிய குழாயைக் காட்டினார். அதன் நுனியில் சின்னப் புட்டி. புட்டியில் ஏதோ பச்சையும் பொன்னும் கலந்த திரவம்.

“ரத்தத்துல சேர்ற புளிப்பை, அதாவது அமிலத்தை, அது கழிக்குதான்னு அடிக்கடி சோதிக்கறோம். நல்லாவே கழிக்குது. அடுத்தது அந்தப் புட்டி. அது பித்தம். செத்த ஈரல் பித்தம் சுரக்காது.”

“பித்தமா?” கணவர் அங்கே வந்தபின் முதல் தடவையாக வாய் திறந்தார். “எங்க வீட்ல அதுக்குப் பஞ்சமே கிடையாது டாக்டர். இவளுக்குக் கோபம் வந்தா தலைக்கே ஏறும்.”

“அதை அளக்கற மெஷின் இன்னும் வரலைங்க,” என்றார் டாக்டர் முகம் மாறாமல்.

குத்தக்காவுக்கு இந்த டாக்டரைப் பிடித்துவிட்டது. கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள். பித்தம் எந்த நிறத்தில் வந்தால் நல்லது? கறுத்துத் திக்காக வந்தால் நல்லது, தண்ணீராக வந்தால் சந்தேகம். வெளியே நல்லா வேலை செய்துவிட்டு உள்ளே போனதும் படுத்துக்கொண்டால்? அப்படியும் நடக்கலாம், நடந்தால் அவசரமாக வேறு ஈரல் தேடவேண்டும், கிடைக்கும் என்று உறுதி இல்லை. இதுவரை வைத்தவர்கள் எப்படி இருக்கிறார்கள்? வைத்தது கொஞ்சம் பேருக்குத்தான், பெரும்பாலும் நன்றாக இருக்கிறார்கள், ஒருவருக்குப் பித்தக்குழாய் சுருங்கி மறுபடி மறுபடி ஆஸ்பத்திரிக்கு வருகிறார். எதையும் டாக்டர் மறைக்கவில்லை, பூசி மெழுகவும் இல்லை.

“நீங்க இதுல ஏத்திப் பார்த்துட்டு வேண்டாம்னு தள்ளினது உண்டா?”

“பாதிக்கு மேல தள்ளியிருக்கேன்.”

குத்தக்கா தலையை ஆட்டினாள். தள்ளத் தெரிந்த கை என்று நினைத்தாளோ என்னவோ.

அப்போதுதான் சொட்டுவது நின்றது.

முதலில் பார்த்தவள் அவள்தான். அதுவரை குழாய் நுனியில் ஒரு துளி உருண்டு, கனத்து, விழுந்துகொண்டிருந்தது. இப்போது ஒரு துளி உருண்டது. விழவில்லை. அடுத்ததும் வரவில்லை.

“டாக்டர்... நின்னுடுச்சு.”

டாக்டர் திரும்பிப் பார்த்தார். உள்ளே போய்க் கையுறை மாட்டினார். திரையைப் பார்த்தார், பெட்டிக்குள் குனிந்தார், குழாயை விரலால் நீவிவிட்டார். நாத்தனார் அண்ணனின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். இவ்வளவு நேரம் அந்த ஈரலைச் சந்தேகமாகவே பார்த்துக்கொண்டிருந்த குத்தக்கா, “வா, வா, வந்துடு,” என்று முணுமுணுக்க ஆரம்பித்தாள். தான் முணுமுணுப்பது அவளுக்கே தெரியவில்லை. மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கியது. புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. டாக்டர் குழாயை லேசாகத் திருப்பி, சற்றுத் தாழ்த்திக் கட்டினார். ஒரு துளி விழுந்தது. இன்னொன்று. பிறகு பழையபடி, அவசரமில்லாமல்.

வெளியே வந்த டாக்டரின் நெற்றி வேர்த்திருந்தது.

“என்ன ஆச்சும்மா?” என்றார் கணவர்.

“குழாய் மடங்கியிருக்கணும். ஈரலே ஒரு நிமிஷம் நிறுத்தியிருந்தாலும் இருக்கலாம். நிச்சயமாத் தெரியலை. புளிப்பு ஏறலை, அது நல்லது. கொஞ்ச நேரம் இன்னும் பார்த்துட்டுத்தான் சொல்வேன்.”

அந்தக் கொஞ்ச நேரமும் குத்தக்கா நகரவில்லை. போன் பெண் டீ கொண்டுவந்தாள். அறுவைக்குப் போக நேரலாம் என்பதால் குத்தக்காவுக்கு மட்டும் கிடையாது. நாத்தனார் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்க மறந்து நின்றாள். வெளிறிய மூலையில் நிறம் ஏறியது, துணியில் சாயம் ஊறுகிற மாதிரி, உள்ளிருந்து ஓரத்துக்கு.

டாக்டர் வந்து சொன்னார். “என் பக்கத்துலேர்ந்து இது தேறிடுச்சு. அறுவை டாக்டரும் பார்த்துட்டார், சரின்னார். இனிமே நீங்கதான். வேண்டாம்னு சொன்னாலும் யாரும் வருத்தப்பட மாட்டோம். இதை நறுக்கிப் படிப்போம். அந்த மூலை ஏன் அவ்வளவு லேட்டாச்சுன்னு நான் தெரிஞ்சுக்கணும். எப்படியும் வீணாகாது.”

கணவர் வாயைத் திறந்தார். குத்தக்கா கையைக் காட்டி நிறுத்தினாள்.

“என் டேபிள்ல ஒரு தடவை பெட்டில போட்டா போட்டதுதான். திரும்ப யாரும் எடுத்துப் பார்க்கறதில்லை. நானும் பார்த்ததில்லை.” கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னாள். “சட்டையைக் கேட்டா அது ஒண்ணும் சொல்லாது. இது சொல்லுது. மண்டை இப்படியே மந்தமாகிட்டுப் போனா, அது சொல்றதுகூட இன்னும் கொஞ்ச நாள்ல எனக்கு விளங்காமப் போயிடும். போட்டுப் பார்த்துடலாம் டாக்டர்.”

“புடவையா அண்ணி, போட்டுப் பார்க்க?” என்றாள் நாத்தனார் அழுதுகொண்டே.

“அளவு சரியா இருந்தாப் போதும்டி.”

கையெழுத்தெல்லாம் முடிந்தபின் ஆராய்ச்சி டாக்டர் தயங்கித் தயங்கி இன்னொன்று கேட்டார். “உங்களுக்குள்ளேர்ந்து எடுக்கற ஈரலை நாங்க வெச்சுக்கலாமா? ஆராய்ச்சிக்கு.”

“அதையா? அது எதுக்கு உதவும்?”

“எதுக்கு உதவும்னு பார்க்கறதுக்குத்தான்.”

“வெச்சுக்கோங்க. ஆனா எழுந்து நடந்ததும் எனக்குக் காட்டணும்.”

அறுவை அறைக்குள் என்ன நடந்தது என்று நமக்கு எப்படித் தெரியும், கண்ணுகளா? வெளியே நடந்ததைத்தான் சொல்ல முடியும். கணவர் ஒரே செய்தித்தாளை மடித்து மடித்து உள்ளங்கை அளவாக்கினார். அறுவை டாக்டர் வெளியே வந்து முகக்கவசத்தை இறக்கி, “ரத்தம் திறந்து விட்டதும் நிறம் வந்துடுச்சு,” என்றார்.

சுலபமாக ஒன்றும் நடந்துவிடவில்லை. நடுவில் காய்ச்சல் வந்தது. உடம்பு புது ஈரலை அந்நியமாகப் பார்க்க ஆரம்பித்து, மருந்தைக் கூட்டவேண்டியிருந்தது. ஒரு வாரம் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அது வழிக்கு வந்தது. ஒரு காலை, படுக்கை விரிப்பை மாற்ற வந்த பெண்ணிடம் குத்தக்கா, “இந்த மடிப்பு நேரா இல்லையேம்மா,” என்றாள். வாசலில் நின்ற கணவர் முகத்தைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார்.

தனியாக நடக்கிற அளவுக்குத் தேறியபின், பரிசோதனைக்கு வந்த ஒரு நாள் நேரே ஆராய்ச்சிக்கூடத்துக்கு நடந்தாள். டாக்டர் மறக்கவில்லை. முகக்கவசமும் கையுறையும் கொடுத்து உள்ளே அழைத்துப்போய், அலமாரியிலிருந்து ஒரு ஜாடியை எடுத்து விளக்கின் கீழ் வைத்தார். மருந்து நீரில் ஒரு துண்டு. சின்னது, கெட்டியானது, மேலெல்லாம் முண்டும் முடிச்சுமாக.

“இதுவா? இத்தனை நாள் இதை வெச்சுக்கிட்டா நடமாடினேன்?”

“இதைத்தான்.”

குத்தக்கா ஜாடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அருவருப்பு வரவில்லை. அவளைப் பாதியில் விட்டுப்போன பொருளாகவும் தோன்றவில்லை. முடியாதபோதும் அதனால் ஆனவரை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது.

“குடிச்சதில்லை. காமாலை வந்ததில்லை. எனக்குத் தெரிஞ்சு எந்தக் கெட்ட மருந்தும் சாப்பிட்டதில்லை. இது எதனால இப்படி ஆச்சு டாக்டர்?”

“தெரியலைம்மா. எங்க சோதனை எதுலயும் பிடிபடலை. இதே மாதிரி காரணம் தெரியாம வந்த ஈரல் இன்னும் சில இருக்கு. எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கறோம்.”

“பார்த்து?”

“இன்னும் ஒண்ணும் சிக்கலை.”

டாக்டர் ஒரு கண்ணாடிச் சில்லை நுண்ணோக்கியில் பொருத்தி, குமிழைத் திருகி, “பார்க்கறீங்களா?” என்று நகர்ந்து நின்றார். குத்தக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு கண்ணை மூடி, மறு கண்ணைக் குழலில் வைத்தாள். இளஞ்சிவப்பில் குட்டிக் குட்டித் தீவுகள் தெரிந்தன. நடுவே, தழும்பு என்று டாக்டர் சொன்ன நீல நூல்கள் தாறுமாறாக ஓடின.

வாசலிலிருந்து கணவர் கூப்பிட்டார். “வேன் எடுக்க நேரமாச்சும்மா. ஸ்கூல் விட்டுடுவாங்க.”

“நீங்க போயிட்டு வாங்க,” என்றாள் குழலிலிருந்து கண்ணை எடுக்காமல். “டாக்டர், இந்த நீல நூல் இங்கேர்ந்துதானே ஆரம்பிக்குது? அடுத்த ஆளோடதைக் காட்டுங்க.”